அல்புகர்க் கப்பலில் அக்கார்டியன் வரவில்லை

டுரியான் துங்காலிலிருந்து சொந்தக்காரர்களை மலாக்கா டவுனுக்குக் கூட்டிப்போனால், உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் ஆட்டம் பார்க்காமல் திரும்புவதில்லை. கூடவே ஒரு விளக்கமும் இலவசமாகக் கிடைக்கும்: ‘1511-இல் மலாக்காவைப் பிடித்த அல்புகர்க்கின் மாலுமிகள் கொண்டுவந்தது, ஐந்நூறு வருஷமாக அப்படியே இருக்கிறது.’ அந்த ‘அப்படியே’தான் இடிக்கிறது.

ஆட்டத்துக்கு வாசிக்கும் வாத்தியங்களையே பாருங்கள். அக்கார்டியனுக்கு வியன்னாவில் காப்புரிமை கிடைத்தது 1829-இல். வயலின் வட இத்தாலியில் உருப்பெற்றதே மலாக்கா விழுந்து ஒரு தலைமுறை கழித்து. ஆறு தந்தி கித்தார் அதற்கும் வெகு பிந்தியது.

ஆட்டத்தின் கதை இன்னும் சுவையானது. மேடையில் காணும் போர்ச்சுகல் நாட்டுப்புற ஆட்டங்கள், 1950-களின் தொடக்கத்தில் அந்நாட்டு அமைச்சர் ஒருவர் வருகிறார் என்று வசதியான யூரேசியக் குடும்பத்தார் புதிதாகக் கற்றவை. குடியிருப்பு மக்கள் பிறகுதான் அவற்றைத் தமதாக்கிக்கொண்டார்கள். மார்கரெட் சார்கிசியன் என்ற இசை ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அப்படியானால் பிந்தி வந்ததெல்லாம் போலியா? கித்தா மரம்கூட மலாக்காவில் 1890-களில்தான் தோட்டப் பயிரானது. நம் தாத்தாக்கள் மரம் வெட்டியது பொய்யாகிவிடுமா?

‘மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய இசையின் மிச்சம்’ என்ற பெரிய பேச்சும் உண்டு. அந்த இசையின் சிகரமான இசையமைப்பாளர்களில் பலெஸ்த்ரினா பிறந்தது 1525 வாக்கில், விக்டோரியா 1548-இல். பல குரல்களைப் பின்னிப் பாடும் அவர்கள் இசைக்குத் தேர்ந்த பாடகர் குழுவும், அதற்குப் படியளக்கும் பேராலயமோ அரண்மனையோ வேண்டும். 1545-இல் இங்கே வந்த சவேரியாரின் வழி வேறு. மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுவார், ஜெபங்களை ராகமாகச் சொல்லி மனப்பாடமாக்குவார். முத்துக்குளித்துறையில் அதைத் தமிழிலேயே செய்துவிட்டு வந்தவர். 1558-இல் மலாக்கா மறைமாவட்டமானபின் பேராலயத்தில் பெரிய இசை ஒலித்திருக்கலாம். ஆனால் 1641-இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டையே ஒடுக்கினார்கள். பாடகர் குழு எங்கே பிழைக்கும்?

‘ஜிங்க்லி நோனா’ பாட்டை மட்டும் பிந்தி வந்தவற்றின் கணக்கில் சேர்க்கமாட்டேன். அதன் உறவுப் பாட்டு இலங்கைப் பறங்கியரிடமும் இருக்கிறது. லிஸ்பனைவிட இந்தியப் பெருங்கடல் துறைமுகங்கள்தான் அதற்குத் தாய்வீடு என்பேன். வயலினோடு ரெபானா மேளம் சேரும் ஓசை தொண்டாங் சாயாங்கிலும் உண்டு. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்தக் கலையை மலாய்க்காரர், பாபா நோஞ்ஞா, போர்த்துகீசியரோடு மலாக்கா செட்டிகளும் பாடுகிறார்கள்.