கிளி வாங்கும் முன் வீட்டின் பகல் பொழுதைக் கணக்கிடுங்கள்

பறவைகளைப் பற்றி எழுதுகிறவன் என்பதால், பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்குப் புலனத்தில் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். “பையன் கிளி கேட்கிறான் சார். எந்தக் கிளி நல்லாப் பேசும்? என்ன விலை இருக்கும்? கூண்டு எவ்வளவு பெரிசா வாங்கணும்?” இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இவற்றில் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் யாரும் கிளி வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்குக் கிளி வளர்ப்பு புதிதல்ல. சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா வட்டாரத்துப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். லயத்து வாசலில் தொங்கிய ஒரு கூண்டாவது அவர்கள் நினைவில் இருக்கும். அந்தக் கிளிக்குக் கடைத் தீனி கிடையாது, விளையாட்டுச் சாமான் கிடையாது. ஆனால் ஆள் இருந்தது. விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்கள் மதியத்துக்குள் வீடு திரும்பினார்கள். வேலைக்குப் போகாத பாட்டிகள் இருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். கூண்டைக் கடந்து போகிறவர் எல்லாம் அதனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அந்த வளர்ப்பு முழுக்க நல்லது என்று சொல்ல வரவில்லை. குஞ்சுகளைப் பொந்திலிருந்து பறித்ததும், இறகை வெட்டியதும் நாம் செய்த தவறுகளே. ஆனாலும், தனிமை என்ற ஒரு கொடுமையை அந்தக் கிளி அதிகம் அறியவில்லை.

இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் வாழும் நம் குடும்பங்களில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளி முடிந்து டியூஷனுக்குப் போகிறார்கள். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் பத்து மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை. அந்தப் பத்து மணி நேரத்தைத்தான் கிளிக்குக் கொடுக்கப் போகிறோம்.

கிளி ஏன் பேசுகிறது?

பிறவியில் வராத ஒலியைக் கேட்டுக் கற்கும் திறன் பறவைகளில் மூன்று பிரிவுகளுக்கு மட்டுமே உண்டு: பாடும் பறவைகள், தேன்சிட்டைப் போல் பூவில் தேன் குடிக்கும் அமெரிக்க ஓசனிச்சிட்டுகள், கிளிகள். கிளியின் குரல் மூச்சுக்குழாயின் அடியில், அது இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள உறுப்பில் உண்டாகிறது. வாயில் நாக்கு அசைந்து அந்த ஒலியைத் திருத்துகிறது. ஆகவே நாக்கைச் சுரண்டினாலோ வசம்பு தடவினாலோ கிளி நன்றாகப் பேசும் என்பது வெறும் கதை. பறவைக்கு அது வதை.

காட்டில் இந்தத் திறன் எதற்குப் பயன்படுகிறது? கூட்டத்தோடு சேர்ந்திருப்பதற்கு. வெனிசுவேலாவில் சிறிய பச்சைக்கிளி இனம் ஒன்றின் கூடுகளுக்குள் கேமரா வைத்து ஆராய்ந்த கார்ல் பெர்க் குழுவினர் 2011-ஆம் ஆண்டு ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். தாய் தந்தை ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலியைக் கற்றுத் தருகின்றன. ஏறக்குறைய பெயர் வைப்பது போலத்தான். பெயரோடு கூட்டத்தில் சேரும் உயிர் அது. அந்த உயிரை நம் வீட்டு வரவேற்பறையில் தனியாக வைத்தால், அதற்குக் கூட்டம் நாம்தான். நம் மொழியைக் கற்றுக்கொண்டு நம்மோடு சேரப் பார்க்கிறது. “அக்கா வா” என்று அது கூப்பிடும்போது நாம் கைதட்டிச் சிரிக்கிறோம். அது பதிலை எதிர்பார்க்கிறது.

கிளியின் அறிவை நாம் தவறான இடத்தில் தேடிப் பழகிவிட்டோம். 2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ஜோசியக் கிளி ‘மணி’ உலகப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து வெல்லும் என்று சீட்டெடுத்தது, வென்றது ஸ்பெயின். சீட்டெடுப்பது பழக்கம், அறிவு வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, 2007-இல் இறக்கும் வரை முப்பதாண்டு காலம் ஆய்வில் இருந்தது. ஏழு நிறங்களையும் ஐந்து வடிவங்களையும் வேறுபடுத்திச் சொன்னது. ஆறு வரை எண்ணிக்கை சொன்னது. வேண்டாததை வேண்டாம் என்றது. இப்படிப்பட்ட மூளையைத்தான் நாம் ஒரு சாளரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டுப் போகிறோம்.

தனிமையின் விலை

தனிமை கிளியின் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. நம் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களின் முனையில் டெலோமியர் என்ற காப்பு உண்டு. கயிறு பிரிந்துவிடாமல் நுனியில் போடும் முடிச்சு போன்றது. வயது ஏற ஏற அது குறையும். வியன்னா ஆய்வாளர்கள் 2014-இல் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளில் இதை அளந்து பார்த்தார்கள். தனியாக வளர்ந்த ஒன்பது வயதுக் கிளியின் டெலோமியர், துணையோடு வளர்ந்த, அதைவிட 23 வயது மூத்த கிளியின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளும் உண்டு: ஓயாத அலறல், தலையை ஆட்டிக்கொண்டே இருத்தல், தன் இறகைத் தானே பிடுங்கி மார்பை மொட்டையாக்கிக் கொள்ளுதல். சுவிட்சர்லாந்து 2008-இல் கொண்டுவந்த விலங்கு நல விதிகளில், கிளி போன்ற கூட்டமாக வாழும் உயிர்களைத் தனியாக வளர்க்கக் கூடாது என்றே எழுதிவைத்தது.

“ஜோடியாக வளர்த்தால் பேசாது, ஒன்றை மட்டும் வாங்குங்கள்” என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. துணை உள்ள கிளி துணையோடு பேசிக்கொள்ளும். நம்மை அவ்வளவாகத் தேடாது. ஆனால் அதன் பொருள் என்ன? துணை இல்லாததால்தான் அது நம்மிடம் பேசுகிறது என்பதுதானே! பேச்சுக்காக ஒரு கிளியைத் தனிமைப்படுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நாள் முழுவதும் பேச்சுத்துணைக்கு ஆள் உள்ள வீட்டுக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம். ஓய்வு பெற்ற தாத்தாவோ பாட்டியோ பகலில் இருக்கும் வீட்டில் கிளியும் மனிதரும் ஒருவருக்கொருவர் நல்ல துணை. அங்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: அவர்களுக்குப் பின் அந்தக் கிளியை யார் பார்ப்பார்கள்?

எந்தக் கிளி?

ஆயுளைக் கேட்டுவிட்டு இனத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்ஜி எனப்படும் சிறுகிளி ஐந்து முதல் பத்து ஆண்டு வாழும். காதல் பறவை என்று நாம் அழைக்கும் லவ் பேர்ட் பத்து முதல் பதினைந்து. காக்கட்டியல் பதினைந்து முதல் இருபது. கழுத்தில் ரோஜா நிற வளையம் கொண்ட இந்தியப் பச்சைக்கிளி இருபத்தைந்து, முப்பது ஆண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் பெரிய கொண்டைக்கிளிகளும் நாற்பது ஆண்டையும் தாண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று வாங்கும் பச்சைக்கிளி, அவன் படித்து வேலைக்குப் போய்த் திருமணம் முடித்த பிறகும் உயிரோடு இருக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு என் பரிந்துரை: ஒரு ஜோடி பட்ஜி, அல்லது ஒரு ஜோடி காக்கட்டியல். இரண்டும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. சத்தமும் குறைவு, தாமானில் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வாங்கவே கூடாதவை நம் காட்டுக் கிளிகள். மலாய்க்காரர்கள் பாயான் என்று அழைக்கும் நீண்ட வால் கிளி, கன்னம் சிவந்து, வால் நீண்டு, பார்த்தவுடன் ஆசை வரும் அழகு. தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் செரிண்டிட் இன்னொன்று. பாயான் தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ, அந்தமான் நிக்கோபார் பகுதிகளில் மட்டுமே வாழ்கிறது. அது அழியும் ஆபத்துள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. தாழ்நிலக் காடு குறைந்தது ஒரு காரணம். கூண்டுக்காகப் பிடிப்பது இன்னொரு காரணம். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் பிடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 2017 தொடக்கம் முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது.

ஆகவே முகநூலில் படம் போட்டு, பெட்ரோல் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். இனத்தின் பெயரைக் கேளுங்கள். அதற்கு உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேளுங்கள். காலில் பிளவில்லாத முழு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது குஞ்சுப் பருவத்தில்தான் காலில் நுழையும். கூண்டில் பிறந்ததற்கு அது ஓர் அடையாளம்.

நம் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதல்ல. காற்றுப் பைகளின் உதவியால், மூச்சை வெளிவிடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே ஓடும். பறப்பதற்கு வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் நச்சுப் புகையையும் அதே வேகத்தில் இழுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை நச்சு வாயுவைக் கண்டறியக் கேனரிப் பறவைகளை வைத்திருந்ததற்கு இதுவே காரணம். ஆகவே சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட், வாசனைத் தெளிப்பான் எதுவும் கூண்டருகே கூடாது. சாமி மேடைக்கும் சமையலறைக்கும் எட்டத்தில் கூண்டு இருக்கட்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை வெறுமையாக அடுப்பில் மறந்துவிட்டால் அதிலிருந்து கிளம்பும் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். புகைமூட்டக் காலத்தில் கூண்டை வெளியே வைக்காதீர்கள்.

உணவில் நம் பாட்டிகளிடம் கற்க வேண்டியது உண்டு. அவர்கள் கோவைப்பழம், கொய்யா, மிளகாய் கொடுத்தார்கள். மிளகாயின் காரத்தைத் தரும் பொருளை உணரும் நரம்புவாயில் பறவைகளுக்கு நம்மைப் போல் வேலை செய்வதில்லை. அதனால் கிளிக்கு மிளகாய் காரமே இல்லை. பழுத்த மிளகாயிலும் கோவைப்பழத்திலும் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து இருக்கிறது. கடையில் விற்கும் சூரியகாந்தி விதையை மட்டும் தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு மிகும். அந்த வைட்டமின் கிடைக்காது. மூக்கும் வாயும் எளிதில் நோய்வாய்ப்படும். விதை கொஞ்சம், கீரை, காய், பழம் நிறைய என்று மாற்றுங்கள். அவகாடோ, சாக்லெட், காப்பி, வெங்காயம், உப்புப் பண்டம் ஆகியவை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கூண்டுக்குள் இரு சிறகையும் விரிக்க இடம் வேண்டும். வழவழப்பான ஒரே தடிப்புக் குச்சிக்குப் பதில், மருந்தடிக்காத கொய்யாக் கிளைகளைச் சிறிதும் பெரிதுமாக வையுங்கள். கால் நோகாது, கடித்துப் பொழுதுபோக்கவும் ஆகும். இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. இரவு பதினொரு மணி வரை தொலைக்காட்சி ஓடும் அறை அதற்கு உகந்த இடமல்ல.

வீட்டாருக்கும் ஓர் எச்சரிக்கை. கிளியின் காய்ந்த எச்சத்தூளில் கிளிக்காய்ச்சல் என்ற நோயின் பாக்டீரியா இருக்கக் கூடும். கூண்டுத் தாளை நனைத்து எடுங்கள். காய்ந்ததைக் கூட்டிப் பெருக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சரியான மருந்து கொடுத்தால் குணமாகும் நோய் அது. சொல்லாவிட்டால் அவர் வேறு நோய் என்று நினைத்துவிடலாம்.

பிள்ளை கிளி கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். உடனே கடைக்கும் போக வேண்டாம். ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறம், ஒரு வாரத்துக்கு, எந்த மணியில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நாட்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். தாளில் வெற்றிடம் அதிகமாக இருந்தால், ஒரு ஜோடி பட்ஜியோடு நின்றுவிடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், கிளி வேண்டாம் என்று அந்தத் தாளே பிள்ளைக்குச் சொல்லிவிடும். நாம் சொல்வதைவிட அதை அவன் எளிதாக ஏற்றுக்கொள்வான்.