சங்கத்து மேடைக்கு ஒரு சின்னப் பெட்டி



பருப்பு விலை, தராசு முத்திரை, வரிக் கணக்கு என்று எழுதுகிற பக்கத்தில் ஒலிபெருக்கி விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சங்கத்துப் பணத்தில் ஒரு பொருள் வாங்கப் போகிறோம். வரும் பொதுக்குழுவில் அது தீர்மானத்துக்கு வருகிறது. வாங்கும் சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவது வணிகனுக்கு அழகல்ல. அதனால் எழுதுகிறோம்.

நாம் பள்ளி இறுதி வகுப்போடு மண்டிக்கு வந்தவர்கள். லேப்டாப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். தெரியாமல்தான் இருந்தோம். சென்ற ஆண்டு மே 5 வணிகர் தின விழாவில் பட்ட அவமானம் தெரிந்துகொள்ள வைத்தது.

அன்று வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், முதல் பொருளாளர், காலமாகி ஓராண்டு நிறைந்திருந்தது. 1987-ல் அவர் ஆண்டு விழாவில் பேசியதை யாரோ கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பேரன் அதைத் தேடிப் பிடித்து லேப்டாப்பில் ஏற்றிக் கொண்டுவந்தான். ஆச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மண்டபம் நிறைந்த கூட்டம்.

அதற்கு முன் ஒரு பாட்டுப் போட்டபோதே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டன. பாடுகிறவர் குரலைக் காணோம். மண்டபம் சரியில்லை என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்து பெரியவர் பேச்சைப் போட்டார்கள். வந்தது வெறும் இரைச்சல். மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல் கூடியது, அதோடு ஒரு ரீங்காரமும் சேர்ந்துகொண்டது. பேச்சு வரவேயில்லை. பத்து நிமிடம் வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டோம். 'பேசிட்டாரா?' என்று ஆச்சி பக்கத்திலிருந்த மருமகளிடம் கேட்டது மேடையில் இருந்த நமக்குக் கேட்டது.

லேப்டாப்தான் பழுது என்று சொல்லிவிட்டு மைக்செட்காரர் போய்விட்டார். மறுநாள் கிட்டங்கியில் அதே லேப்டாப்பைத் திறந்து போட்டால், பெரியவர் கணீரென்று பேசுகிறார்! அப்படியானால் குரல் எங்கே போயிற்று? ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிற நம் தங்கை மகனைக் கேட்டோம். 'மாமா, முதல்ல அந்த வயரைக் காட்டுங்க' என்றான். காட்டினோம். சிரித்துவிட்டு, நம் மேஜையிலிருந்த பழைய தட்டுத் தராசைப் பக்கத்தில் இழுத்து வைத்து விளக்கினான்.

லேப்டாப்பில் ஹெட்ஃபோன் மாட்டும் ஓட்டையில் இடது, வலது என இரண்டு ஒலிகள் ஒரே வயரில் வருகின்றன. மிக்சரில் உள்ள பேலன்ஸ்டு என்னும் வகை ஓட்டையோ, வருகிற இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நீண்ட வயரில் வழியில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். வித்தியாசம் எடுத்தால் அது கழிந்துபோகும். அதற்காகச் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து நேராக ஒற்றை வயரை அதில் செருகினால், இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்த கதையாகிறது. முள் நடுவில் நின்றுவிடும். பெரியவர் குரல் இடத்திலும் வலத்திலும் ஒரே அளவாக இருந்தது, கழிந்துபோயிற்று. கேசட்டின் இரைச்சல் இரு பக்கமும் வேறு வேறு, அது மட்டும் மிஞ்சியது. பாட்டில் பாடகர் குரல் நடுவில் இருக்கும், அதுவும் போயிற்று. வித்தியாசமுள்ள வாத்திய ஒலிகள் மட்டும் கிணற்றுச் சத்தமாக வந்தன.

ரீங்காரத்துக்குக் காரணம் வேறு. லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக்கில். இரண்டின் எர்த்தும் ஒலி வயர் வழியாகவும் ஒன்று சேர்ந்து வளையமாகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த உறுமல்தான் ஒலிபெருக்கியில் கேட்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்காகச் சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னையே ஒடித்துவிடுவார்கள். நம் கடைகளில் மிஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் செய்வதுதான். அது உயிரோடு விளையாடுவது. மேடையில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர் நம் தலைவரோ, நம் வீட்டுப் பிள்ளையோ என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குத்தான் ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற பெட்டி. லேப்டாப்பிலிருந்து யூ.எஸ்.பி. வயர் வழியாக ஒலியை எண்களாகவே வாங்கிக்கொண்டு, வெளியே வைத்து ஒலியாக மாற்றி, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று எனத் தனித்தனி பேலன்ஸ்டு வழிகளில் மிக்சருக்குக் கொடுக்கும். குரல் கழிந்துபோகாது. ரீங்காரமும் பெரும்பாலும் அடங்கும்.

இனி விவகாரத்துக்கு வருவோம். இளைஞர் அணியினர் எட்டு மைக் மாட்டும் பெரிய பெட்டிக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். மூத்த உறுப்பினர்கள் சிலர், 'இரண்டாகப் பிரிகிற வயர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பெட்டியே வேண்டாம்' என்கிறார்கள். நமக்கு இரண்டும் சரியாகப் படவில்லை.

மூத்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறைக்கக் கூடாது. இரண்டு முனையாகப் பிரியும் வயர் இருந்திருந்தால் அன்று குரல் வந்திருக்கும். சின்ன அறையில், மிக்சர் பக்கத்திலேயே இருந்தால் அது போதும். ஆனால் நம் விழா மண்டபத்தில் மிக்சர் எங்கோ இருக்கிறது. அந்த வயரை நீட்ட நீட்ட இரைச்சல் ஏறும். எர்த் வளையமும் அப்படியே இருக்கும். இன்னொன்று, ஹெட்ஃபோன் ஓட்டை வழியாக லேப்டாப்பின் எல்லாச் சத்தமும் போகும். மெளன அஞ்சலிக்குப் பின் இசை போட்டிருக்கும்போது, மின்னஞ்சல் வந்த 'டிங்' சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டால் எப்படி இருக்கும்? பெட்டி இருந்தால், பாடவைக்கும் வி.எல்.சி. போன்ற மென்பொருளை மட்டும் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, மற்றச் சத்தங்களை லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே விட்டுவிடலாம்.

இளைஞர்களிடம் கேட்க வேண்டியது வேறு. நம் மைக்குகள் எல்லாம் மைக்செட்காரரின் மிக்சருக்குப் போகின்றன. எட்டு மைக் வழி நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது வெளியே போகும் இரண்டு வழி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். சி.டி.யின் தரமே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். கேசட்டில் பதிந்த குரலுக்கும் செல்போனில் வந்த பாட்டுக்கும் அது தாராளம். ஒரு கிலோ சர்க்கரை நிறுக்க யாராவது வே-பிரிட்ஜ் வாங்குவார்களா? 'லேட்டன்சி குறைவு' என்கிறார்கள். பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்டுப் பதிவு செய்கிறவருக்கு அது தேவை. பதிந்ததைப் போடுகிற நமக்கு நேர்மாறு. பஃபர் என்பது கடையில் வைக்கும் கையிருப்பு மாதிரி. இருப்பு அதிகம் வைத்தால் மேஜைக்குச் சரக்கு ஒரு நொடி தாமதமாக வரும், ஆனால் தட்டுப்பாடு வராது. அன்றன்றைக்கு வாங்கி விற்கிறவன் கடையில்தான் 'இல்லை' என்ற சொல் வரும். ஒலி விட்டு விட்டு வருவதும் அதுபோலத்தான். பஃபரைப் பெரிதாகவே வைக்க வேண்டும்.

எனவே இரண்டு வெளிவழி உள்ள சின்னப் பெட்டி போதும் என்பது நம் கருத்து. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, பெரிஞ்சர் யூ.எம்.சி.204எச்.டி. மூன்றிலும் பின்பக்கம் பேலன்ஸ்டு வழி இரண்டு இருக்கிறது. பெரிஞ்சரில் விலை குறைவான யூ.சி.ஏ.202 என்று ஒன்று உண்டு. அதில் இருப்பது டி.வி.க்குப் பின்னால் இருக்குமே, அந்த ஆர்.சி.ஏ. வழி. வீட்டுக்கு நல்லது, நீண்ட வயருக்கு ஆகாது. விலையைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். ரேடியல் யூ.எஸ்.பி.-ப்ரோ போன்றவற்றில் எர்த் வளையத்தை அறுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிறது, மேடைக்கென்றே செய்தது. ஆனால் விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். இந்தப் பெட்டிகளில் எதிலும் ரீங்காரம் மிஞ்சினால், டி.ஐ. பாக்ஸ் என்ற டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவை இடையில் போட வேண்டும். மைக்செட்காரர்கள் பலரிடம் அது உண்டு. சங்கத்துக்குப் பணம் போதாது என்றால் ஹெட்ஃபோன் ஓட்டையோடு அந்த டப்பாவே ஓரளவு காரியத்தை முடித்துவிடும். இதை நம் வாதத்துக்கு எதிராகவே சொல்கிறோம்.

மின்சாரத்துக்குத் தனி அடாப்டர் வேண்டாத பெட்டியாகப் பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டால், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை லேப்டாப் பேட்டரியில் பெட்டியும் உயிரோடு இருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெட்டி லேப்டாப் பக்கத்திலேயே இருக்கட்டும், யூ.எஸ்.பி. வயர் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அங்கிருந்து மிக்சருக்குப் போகும் பேலன்ஸ்டு வயர் 30 மீட்டர் போனாலும் கவலையில்லை. அந்த வயர் இரண்டையும், ஒரு முனை பெரிய ஸ்டீரியோ ஜாக், மறுமுனை கேனன் என்று, பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பெட்டியை வாங்கிவிட்டு வயருக்கு மைக்செட்காரர் கையை எதிர்பார்த்தால் பழைய கதைதான்.

இப்போது வரும் மிக்சர்கள் சிலவற்றில் யூ.எஸ்.பி. வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பலவற்றில் அது பென் டிரைவ் செருக மட்டும்தான். மைக்செட்காரர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார், மிக்சரும் மாறுகிறது. சங்கத்துப் பெட்டி மாறாது. ப்ளூடூத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இடையில் ஒரு ஃபோன் வந்தால் போதும்.

பெட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் நமக்குக் கவலை. சங்க அலுவலகத்தில் வாங்கிய ஜெராக்ஸ் மிஷின் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பொறுப்பேற்று, டிரைவர் மென்பொருளை வீட்டிலேயே ஏற்றி, விழா நாளில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போகாமல், லேப்டாப் தூங்கிவிடாதபடி செட்டிங் வைத்து, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் காலி மண்டபத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பேச்சின் இன்னொரு பிரதி வேறொரு ஃபோனில் இருக்கட்டும். பெரியவரின் பேரன் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான்.

கொட்டேஷன்கள் மூன்றும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. மாலை 6 மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அன்றைய வயரையும் அங்கேதான் வைத்திருக்கிறோம். ஆச்சியிடம் இந்த மே 5-க்கும் வரவேண்டும் என்று சொல்லியாயிற்று. 'போட்டுப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க' என்றார்.