சாம்பல் கலப்படமன்று

ஏற்காட்டுச் சேர்வராயன் மலையின் தட்டைத் தலையிற் படிந்திருந்த பாக்சைட்டுக் கல் பல்லாண்டு சுரண்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. 1965-இல் எரியத் தொடங்கிய அவ்வாலையின் உலைகள் 2008-இல் அணைந்தன. மாழை விலைபோயிற்று, எரிகாரம் கலந்த செஞ்சேறு மேட்டூரில் தங்கிற்று. மலைக்கு எஞ்சியது பள்ளம்.

அதன் பின்னராயினும் அறிவு வந்ததா? சிமிட்டிக்கென இன்னும் சுண்ணக்கற் குன்றுகளை உடைக்கின்றனர். அடிவாரத்திலேயே மேட்டூர் அனல்மின் நிலையம் 1987 முதல் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டுகிறது. பொட்டனேரி இரும்பாலையில் உலைக்கசடு விளைகிறது. வீடு கட்டுவோரோ, "சாம்பல் கலந்த சிமிட்டியா? கலப்படம்!" என்று முகம் சுளிக்கின்றனர்.

கலப்படமா இது? சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுட்டாலன்றிச் சிமிட்டிக்குரிய கட்டி கிடைக்காது. அக்கட்டி 1000 கிலோ விளைவதற்குள் 850 கிலோ அளவில் கரிவளி வானேறுகிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று, கல்லுக்குள்ளிருந்தே வெளிப்படுவது. உலையை எத்துணைத் திருத்தினும் அப்பங்கு குறையாது. கட்டியைத்தான் குறைக்க வேண்டும். கட்டி நீருடன் கூடி இறுகுங்கால் மிஞ்சும் சுண்ணத்தைச் சாம்பலின் மணற்சத்து பற்றிக்கொண்டு மேலும் பசையாகிறது. சாம்பல் இடம் அடைக்க வந்த பொருளன்று, உழைக்கும் பொருள். இந்தியத் தரக் கட்டளையே சாம்பலை 15 முதல் 35 விழுக்காடும், உலைக்கசடை 25 முதல் 70 விழுக்காடும் ஏற்கிறது. முன்னாட் கொத்தர் சுண்ணச் சாந்திற் செங்கற்பொடி சேர்த்ததும் இவ்வேதியியலே. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாற்றணை அச்சாந்தால் எழுந்தது.

மொழியிற் கலப்பு நஞ்சு. சாந்தில் இக்கலப்பு மருந்து. ஆங்கிலம் கலவாமல் வாய் திறவாதவர்கள் சிமிட்டியில் மட்டும் தூய்மை கேட்பது நல்ல வேடிக்கை!

செஞ்சேற்றுக்கு இப்பெருமையை ஏற்றுதல் பொய்யாகும். அதன் காரம் கற்காரைக்கு ஆகாது. சுடுமுன் மூலக்கலவையில் இரும்புச்சத்துக்காகச் சிறிதளவு சேர்க்கலாம், அவ்வளவே.

சாம்பற் சிமிட்டிக்கும் ஒரு குறை உண்டு. அது மெல்ல இறுகும். தனிச் சிமிட்டிக் கற்காரைக்குக் குறைந்தது 7 நாள் நீர் விட வேண்டுமெனின், இதற்கு 10 நாள். வெயில் மிகுந்தால் 14 நாளும் ஆகலாம். சாம்பலின் விழுக்காடு மூட்டையின்மேல் அச்சிடப்பட்டே வருகிறது. எம்மொழியில்? ஆங்கிலத்தில்! ஏற்காட்டுச் சாலையோரம் சாந்து குழைக்கும் கொத்தனார் அதனை எங்ஙனம் படிப்பார்? ஏழாம் நாளே நீரை நிறுத்துகிறார். தளம் வெடிக்கிறது. பழி சாம்பலின் தலையில்!

மலையிற் பள்ளி கட்டவும் பாலம் கட்டவும் சிமிட்டி வாங்குவது அரசுதானே? "சாம்பல் 30 விழுக்காடு, 10 நாள் நீர் விடுக" என்று தமிழில் அச்சிடாத மூட்டையை வாங்கோம் எனப் பொதுப்பணித் துறை ஓராணை பிறப்பிக்கட்டும். அதற்கு எந்த மலையையும் வெட்ட வேண்டியதில்லை.