நூறு பகடையும் ஊரிலிருந்து வரும் போனும்

மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் சண்டை.

பகடையும் பேப்பருமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், இந்தக் காலத்துத் திகில் கதை நடத்த நினைக்கிற எல்லோரும் ஒரே வசனம்தான் பேசுகிறார்கள். "கால் ஆஃப் க்துலுவும் டெல்டா கிரீனும் ஒரே குடும்பம்தானே, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிடலாம்!" முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சாம்பாரில் பாயசத்தை ஊற்றுகிற கதை.

குடும்பம் என்பது உண்மைதான். க்துலு 1981-ல் கேயாசியம் வெளியிட்டது. டெல்டா கிரீன் 1997-ல் அதற்குத் துணைப் புத்தகமாகத்தான் வந்தது, 2016-ல்தான் தனி ஆட்டமானது. இரண்டிலும் திறமைகள் சதவீதத்தில். டெல்டா கிரீனில் உடல்வலு 12 என்றால் 5-ஆல் பெருக்குங்கள், 2014-ல் வந்த க்துலு ஏழாம் பதிப்பின் 60 ரெடி. கணக்கு எங்கேயும் இடிக்காது.

இடிப்பது பயத்தில்.

டெல்டா கிரீனில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பந்தங்கள் உண்டு: மனைவி, அம்மா, பழைய நண்பன், ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பார்க்கக்கூடாததைப் பார்த்து மனநிலை குலையும்போது அந்த அடியை ஒரு பந்தத்தின் மேல் தள்ளிவிடலாம். நாலு முகப் பகடையில் 3 விழுந்தால் மன இழப்பில் 3 குறையும். கூடவே மனவுறுதியில் 3 போகும், பந்தத்திலும் 3 போகும். அதாவது உன் புத்தி தப்பித்ததற்கு விலை கொடுப்பது வீட்டில் இருக்கிறவர்கள்.

இப்போது ஏழாம் பதிப்பின் அதிர்ஷ்டப் புள்ளிகளைக் கொண்டுவந்து இதில் சேருங்கள். விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளும் விதிதான் அது, ஆனால் முதலில் அள்ளிக்கொண்டு வருவது அதைத்தான். திறமை 40, பகடையில் 52. பன்னிரண்டு புள்ளி கொடு, பூட்டு திறந்துவிட்டது, ஆள் ஓடிவிட்டான். பின்னால் வந்ததை அவன் பார்க்கவே இல்லை.

"மனநிலைப் பகடைக்கு அதிர்ஷ்டத்தைச் செலவழிக்க முடியாதே" என்று சட்டம் பேசுவீர்கள். தெரியும் சாமி. அந்தப் பகடை வரைக்கும் போகவே விடாமல் ஒரு படி முன்னாலேயே காப்பாற்றிவிடுகிறதே, அதுதான் என் சண்டை. டெல்டா கிரீனில் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் 50 சதவீதம். சேமிக்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஆகுர்டியிலேயே கதையை வைத்துப் பாருங்கள். எம்.ஐ.டி.சி.யில் நைட் ஷிப்ட் பார்க்கும் தஞ்சாவூர்க்காரன், லோனாவளாவிலிருந்து வரும் கடைசி லோக்கல், ஆளில்லாத பெட்டியில் ஏதோ ஒன்று. பூட்டு திறக்கவில்லை, பார்த்துவிட்டான். அடியை அம்மாவின் மேல் தள்ளுகிறான், 11 இருந்த பந்தம் 8 ஆகிறது. அடுத்த ஞாயிறு அம்மா போன் செய்கிறாள், எடுக்க மனமில்லை. ஊரை விட்டு வந்து இங்கே குப்பை கொட்டும் நமக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா? பிசாசை விட அந்த மிஸ்டு கால்தான் பயம். அதைப் பன்னிரண்டு புள்ளிக்கு விற்றுவிட்டால் ஆட்டத்தில் மிச்சம் என்ன?

"புது ஆட்கள் சீக்கிரம் செத்துவிடுவார்களே" என்கிறீர்களா? அதற்கு ஏழாம் பதிப்பிலேயே மருந்து இருக்கிறது. தோற்ற பகடையை, சண்டையில் இல்லாத பட்சத்தில், தக்க காரணம் சொல்லி இன்னொரு முறை உருட்டலாம். அதிலும் தோற்றால் பெரிய ஆபத்து. இந்த விதியைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். விலை இருக்கிறது, அதனால் பயமும் இருக்கிறது.

ஆக, கலக்குங்கள். ஒரு விதியைச் சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இது தப்பிப்பதை மலிவாக்குகிறதா? ஆமாம் என்றால் வெளியே வையுங்கள்.

டிஸ்கி: அதிர்ஷ்டத்தை வாரி இறைத்து வீரசாகசம்தான் செய்யவேண்டும் என்றால் 'பல்ப் க்துலு' என்று தனிப் புத்தகமே இருக்கிறது. ஜாலியான ஆட்டம். அதை அதன் பெயரிலேயே ஆடுங்கள்.