ஒரு பீஸுக்கு இரண்டேகால் ரூபாய்

தம்பி பத்தாவது பாஸ் செய்துவிட்டான். நான் படித்த அதே தனியார் ஐ.டி.ஐ.யில் அவனையும் சேர்த்துவிடலாமா என்று அப்பா போனில் கேட்கிறார். "நீ படிச்சுட்டுத்தானே கம்பெனியில இருக்க, நீயே சொல்லுப்பா." ஒரகடத்தில் ஏழு பேர் படுக்கிற அறை. சுவரில் சாய்ந்துகொண்டு நோட்டை எடுத்தேன். இத்தனை வருஷம் போடாமல் தள்ளிவைத்த கணக்கு.

செலவுப் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிட்டது. ஃபிட்டர் ட்ரேடு, 2016-ல் சேர்ந்தேன். இரண்டு வருஷம், வருஷத்துக்கு 28,000. ஹாஸ்டல் தனி. முடித்து வெளியே வந்தால், "வெறும் ஃபிட்டரை யாருப்பா எடுக்கிறா? சி.என்.சி. தெரியணும்" என்றார்கள். அதற்கு மூன்று மாதக் கோர்ஸ், 35,000. மல்லாட்டை போடுகிற முக்கால் ஏக்கர் அடமானத்துக்குப் போனது, நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அரசு ஐ.டி.ஐ. என்றால் கட்டணமே கிடையாது, இன்றைக்கு மாதம் 750 ரூபாய் கையிலும் தருகிறார்கள். என் மார்க்குக்கு அங்கே சீட் கிடைக்கவில்லை. காசில்லாதவன்தான் காசு கட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

என்னோடு பத்தாவது படித்தவன் பெயிண்டிங் வேலைக்குப் போனான். அந்த இரண்டு வருஷமும் அவன் கூலி வாங்கினான், நான் ஃபீஸ் கட்டினேன். நான் வாங்காமல் போன அந்தக் கூலியையும் செலவில்தான் எழுதினேன்.

வரவுப் பக்கத்துக்கு வந்தால் வயிறு எரிகிறது.

முதலில் 'நீம் ட்ரெய்னி'. ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த திட்டம். பழக்கிக் கொடுத்தார்கள், வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. ஒன்றரை வருஷம் போனேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. என்னை வேலையை விட்டு நிறுத்தியதாகக்கூட யாரும் சொல்லவில்லை. வேலையில் இருந்தவனைத்தானே நிறுத்த முடியும்? கம்பெனி பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

2021-ல் வேறொரு கம்பெனி, அப்ரண்டிஸ். ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு அப்போது விதிப்படி குறைந்தது 7,000 ரூபாய். அந்தக் குறைந்ததைத்தான் கொடுத்தார்கள். ஐ.டி.ஐ.யில் ஆறு மாதம் இரும்புத் துண்டை வைஸில் மாட்டி அரம் போட்டவன் நான். ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒரு கீற்று கசிந்தாலும் மறுபடி தேய். கை கொப்பளித்துப்போகும். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. கம்பெனியில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. சி.என்.சி. மெஷினின் சக்கில் பீஸை மாட்டு, கதவைச் சாத்து, பச்சை பட்டனை அழுத்து. மூன்று நிமிஷம் நாற்பது வினாடியில் திற, எடு, அடுத்ததை மாட்டு. ப்ரோக்ராமில் கை வைக்கக்கூடாது. ஆஃப்செட் மாற்ற வேண்டுமென்றால் செட்டர் வருவார். இதை நான் அரை நாளில் கற்றுக்கொண்டேன். பயிற்சி ஒரு வருஷம் நடந்தது.

ஷிஃப்டுக்கு 120 பீஸ். மாதம் 26 நாள். வகுத்துப் பார்த்தேன்: ஒரு பீஸுக்கு எனக்கு இரண்டேகால் ரூபாய். அப்ரண்டிஸுக்குக் கொடுத்ததில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரைக்கும், கம்பெனி அப்போது அரசாங்கத்திடம் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது. ஆக, அந்த இரண்டேகாலிலும் ஏறக்குறைய அரை ரூபாய் கம்பெனியுடையது இல்லை.

கேட்டால் சட்டத்தைக் காட்டுகிறார்கள். 1961-லேயே எழுதி வைத்துவிட்டார்களாம்: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவன்தான், தொழிலாளி இல்லை. அந்த 120 பீஸை எடுத்தது யார் சார்? ஒருநாள் 112 வந்ததற்கு எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டீர்களே, அன்றைக்கு நான் பயிற்சிக்கு வந்த பையனாகத் தெரியவில்லையா? டார்கெட் குறைந்தால் தொழிலாளி, சம்பளம் கேட்டால் மாணவன். எனக்கு இருபத்தைந்து வயசாகிறது சார், எத்தனை காலத்துக்கு நான் மாணவன்?

2022-லிருந்து கான்ட்ராக்ட். பிடித்தம் போகக் கைக்கு 14,500. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வர பஸ் போக மிஞ்சுவது வட்டிக்குச் சரி. அசல் அப்படியே நிற்கிறது. புதுசாக வருகிற பையன்களுக்கு இன்ஸர்ட் மாற்றவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் நான்தான் சொல்லித்தருகிறேன். "அண்ணா, நீங்க பர்மனன்ட்தானே?" என்கிறார்கள். போன மாதம் கான்ட்ராக்டர் மாறினார். ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாளே புது கார்டு கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே 'ட்ரெய்னி ஆபரேட்டர்'.

அரசாங்கம் 71 ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறது. ரோபோகூட வந்திருக்கிறதாம். நல்ல காரியம், நிஜமாகவே சொல்கிறேன். அங்கே படித்துவிட்டு வருகிற பையனின் கார்டிலாவது 'தொழிலாளி' என்று போடுவார்களா?

நோட்டை மூடுவதற்குள் மறுபடி போன்.

"ஐ.டி.ஐ.காரர் வீட்டுக்கே வந்துட்டாருப்பா. இன்னிக்கு ஆயிரம் ரூபா கட்டினா சீட் உறுதியாம். கொடுத்துடட்டுமா?"

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. என்னுடைய பழைய யூனிஃபார்ம் சட்டை அவனுக்கு அளவு சரியாக இருக்கிறதாம்.