செம்மணி: எலும்பைக் கண்ட கருவி பெயரைச் சொல்லாது

அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டுமான வேலைக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பரில் இரண்டாம் கட்டம் முடிந்தபோது அடையாளம் காணப்பட்ட எலும்புத் தொகுதிகளின் எண்ணிக்கை 240. நீல நிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் குழந்தையின் பால் போத்தலும் அங்கிருந்து எடுக்கப்பட்டன.

இது திடீரென வந்த செய்தியல்ல. மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி 1996இல் செம்மணிச் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற படைச்சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அதன்பின் கால் நூற்றாண்டு அமைதி.

இந்த முறை தொழில்நுட்பம் துணைக்கு வந்தது. பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையிலான குழு, செய்மதிப் படங்களையும் ட்ரோன் படங்களையும் பார்த்து இரண்டாவது இடமொன்றைக் குறித்தது. அங்கும் எலும்புகள் கிடைத்தன. ஓகஸ்டில் நிலத்தடியை ஊடுருவிப் பார்க்கும் ராடார் கொண்டு மயானம் ஸ்கான் செய்யப்பட்டது. மண் எங்கே கலைக்கப்பட்டிருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். ஆனால் அங்கே கிடப்பவர் யாருடைய பிள்ளை என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

தொழில்நுட்பம் வந்துவிட்டால் உண்மையும் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மன்னார் சதொச வளாகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சில மாதிரிகள் அமெரிக்க ஆய்வகமொன்றுக்குப் போய், அவை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்று 2019இல் அறிக்கை வந்தது. அதோடு ஊடகங்களின் அக்கறை அடங்கிவிட்டது. குடும்பங்களின் சந்தேகமோ தீரவில்லை. எந்த எலும்பை அனுப்புவது, எத்தனை அனுப்புவது, முடிவை யார் விளக்குவது என்பவையெல்லாம் மனிதர்கள் எடுக்கும் தீர்மானங்கள். அங்கே நம்பிக்கை இல்லையென்றால் எந்த அறிக்கையும் எடுபடாது. செம்மணி விடயத்திலும் செயற்கை நுண்ணறிவில் செய்த போலிப் படங்கள் சமூக வலைத்தளங்களில் உலாவின. அவற்றைப் பகிர்ந்தவர்கள் நல்ல நோக்கத்தோடு செய்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்ப் படம் போதும், உண்மையான எலும்பையும் மறுக்க விரும்புகிறவர்களுக்கு.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பொஸ்னியா சாட்சி. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். புதிதாக மண் கிளறப்பட்ட இடங்களை வானிலிருந்து எடுத்த படங்களை அடுத்த மாதமே அமெரிக்கா ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காட்டியது. கொலையாளிகள் இயந்திரங்களைக் கொண்டு உடல்களைத் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒருவருடைய எலும்புகளே பல குழிகளில் சிதறின. ஆயினும் காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, பல நாடுகளில் வாழ்ந்த உறவினர்களிடம் இரத்த மாதிரி சேகரித்து மரபணுவை ஒப்பிட்டது. ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று பொட்டொச்சாரியில் புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களின் ஜனாஸாக்கள் அடக்கப்படுகின்றன.

நமது நாட்டுக்கு இதிலுள்ள பாடம், மண்ணைத் தோண்டுவது பாதி வேலைதான் என்பது. மறுபாதி உயிரோடிருக்கும் உறவினர்களின் உடலில் இருக்கிறது. மரபணு ஒப்பீட்டுக்குப் பெற்றோர், பிள்ளைகளின் மாதிரியே மிகவும் பயன்படும். 1996இல் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு இன்று எழுபது, எண்பது வயது. ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் சிலர் பதில் கிடைக்காமலே இறந்துபோகிறார்கள். அவர்களோடு எலும்புக்குப் பெயர் சொல்லக்கூடிய சிறந்த சான்றும் போய்விடுகிறது.

"1990 ஒக்டோபரில் நம்மை யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தியபோது யார் பேசினார்கள்? நாம் ஏன் செம்மணிக்காகப் பேச வேண்டும்?" என்று நம்மவர்களில் சிலர் கேட்கிறார்கள். அந்த வேதனை நியாயமானது. இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டை விட்டுப் போகச் சொன்னதை எவரும் மறக்கச் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் காத்தான்குடி நோக்கி வந்த முஸ்லிம்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அந்த விவகாரம் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை சென்றும் ஆண்டுக்கணக்கில் மண் தோண்டப்படவில்லை. அந்தக் குடும்பங்களுக்கும் தேவைப்படுவது இதே ராடார், இதே மரபணுச் சோதனை, இதே நீதிமன்ற மேற்பார்வைதான். செம்மணியில் ஒழுங்கான நடைமுறை நிலைபெற்றால் குருக்கள்மடத்துக்கும் அதையே கேட்கலாம். செம்மணியில் அது தோற்றால் நமக்கு மட்டும் தனியாக எதுவும் கிடைக்கப் போவதில்லை. செம்மணிக்கு நீதி கேட்கும் தமிழ்ச் சகோதரர்களும் குருக்கள்மடத்தின் பெயரைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஜனாஸாவை நல்லடக்கம் செய்யும் உரிமை பறிக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை 2020இல் கொவிட் எரிப்பின்போது நாம் அனுபவித்தவர்கள். அப்போது நமக்காகக் குரல் கொடுத்த தமிழர்கள் இருந்தார்கள். இறந்தவரின் உடல் எங்கே என்று கேட்பது எல்லோருக்கும் பொதுவான உரிமை.

ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் வோல்கர் டர்க் ஜூனில் செம்மணிக்கு வந்தார். ஒக்டோபரில் ஜெனீவாவில் இலங்கை குறித்த தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. இவை பயனுள்ளவை. ஆனால் அரசாங்கம் ஜெனீவாவுக்குக் காத்திராமல் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு: காணாமல் போனோரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரிடம் மரபணு மாதிரிகளைச் சேகரித்து, குடும்பங்கள் நம்பக்கூடிய சுயாதீன மேற்பார்வையில் பாதுகாப்பது. அரியாலையிலும் காத்தான்குடியிலும் தொடங்கட்டும். தெற்கில் 1980களின் இறுதியில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாரிடமும் எடுக்கட்டும். புலம்பெயர்ந்தோரிடம் தூதரகங்களை மட்டும் நம்பாமல், அவர்கள் நம்பும் சர்வதேச அமைப்புகள் மூலம் பெறட்டும்.

எலும்புகள் இன்னும் பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். அந்தத் தாய்மாரால் காத்திருக்க முடியாது.