டொபி கேட்ட சம்பளம்

கதைப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "அதை வச்சிட்டுப் பாடப்புத்தகத்தை எடு" என்று சொல்லாத வீடு நம் லயங்களில் குறைவு. சாதாரண தரத்தில் சித்தியடைய வேண்டும், நம்மைப்போல மலையேறிக் கொழுந்து பறிக்கக்கூடாது என்ற கவலையில் பெற்றோர் சொல்வது அது. கவலை நியாயமானது. ஆனால் மந்திரக் கதையும் மாயாவிக் கதையும் வெறும் நேரப்போக்கு என்பதை நாங்கள் ஏற்கவில்லை. உரிமை என்றால் என்ன என்று விளக்குவதற்கு எங்கள் துண்டுப்பிரசுரத்தைவிட அந்தக் கதைகள் நன்றாக உதவிய நாட்கள் உண்டு.

அப்படியொரு நாள் தெஹிவளையில் வாய்த்தது. தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை ஒரு ஞாயிறு மாலை சந்தித்தோம். நியமனக் கடிதம் இருக்கிறதா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்கத்தான் போனோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சை மாற்றி, படத்திலோ கதையிலோ உங்களுக்குப் பிடித்த வீரமான கட்டம் எது என்று கேட்டோம். உடனே ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள். பாகுபலி, ஸ்பைடர்மேன், சுப்பர்மேன் என்று பெடியன்மார் அடுக்கினார்கள். புடவைக்கடையில் நிற்கும் ஒரு தங்கச்சி மட்டும், "எனக்கு டொபியத்தான் சேர் பிடிக்கும்" என்றாள்.

ஹரி பொட்டர் கதையில் வரும் டொபி ஓர் 'எல்ஃப்'. பணக்கார வீட்டில் அடிமை வேலை செய்யும் சின்னஞ்சிறு மாயப் பிறவி. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, உடுப்புக்குப் பதில் ஒரு பழைய தலையணை உறை. எசமான் கையால் ஓர் உடுப்புக் கிடைத்தால்தான் விடுதலை. 1998இல் வெளிவந்த இரண்டாவது புத்தகத்தில், ஹரியின் தந்திரத்தால் எசமான் தூக்கியெறிந்த ஒரு காலுறை டொபியின் கையில் விழுகிறது. அந்தத் தங்கச்சிக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். ஆத்திரத்தில் எசமான் ஹரியை அடிக்கப் பாய, நேற்றுவரை அவன் முன்னால் நடுங்கிய டொபி குறுக்கே நின்று விரலை நீட்டுகிறான். எசமான் படிக்கட்டில் உருண்டு விழுகிறான்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கட்டம் நாலாவது புத்தகத்தில் இருக்கிறது. விடுதலையான டொபி வேலை தேடி அலைகிறான். சம்பளம் கேட்கும் எல்ஃபை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. மற்ற எல்ஃப்களுக்கே அவன் சம்பளம் கேட்பது வெட்கமாக இருக்கிறது. கடைசியில் பாடசாலைத் தலைமையாசிரியர் டம்பிள்டோர் வாரத்துக்குப் பத்துப் பொற்காசும், சனி ஞாயிறு லீவும் தருவதாகச் சொல்கிறார். டொபியோ பேரம் பேசி அதை வாரத்துக்கு ஒரு காசு, மாதத்துக்கு ஒரு நாள் லீவு என்று இறக்கிவிடுகிறான்! சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிலாளியே கீழே இறக்கிய கதையை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "உங்களுக்கு மாதத்துக்கு எத்தனை நாள் லீவு?" என்று கேட்டோம். சிரிப்பு நின்றது. ஒரு நாள் என்றான் ஒருவன். கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்கப் பயம் என்றான் இன்னொருவன். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வேலை. வாரத்துக்கு ஒன்றரை நாள் லீவு. சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும். இவ்வளவையும் டொபியை வைத்துப் பத்து நிமிடத்தில் பேசி முடித்தோம்.

அதே கதையில் ஹெர்மயனி என்ற மாணவி எல்ஃப்களுக்காக ஒரு சங்கம் தொடங்குகிறாள். சந்தா, சின்னம், செயலாளர் எல்லாம் உண்டு. எல்ஃப்களைக் கேட்கவும் இல்லை, அங்கத்தவராகச் சேர்க்கவும் இல்லை. சங்கம் தேறவில்லை. (நம் தலைவர்மார் சிலர் இந்த அத்தியாயத்தை வாசித்தால் நல்லது.)

சுப்பர்மேனைச் சொன்ன தம்பியும் மோசமில்லை. 1938இல் அமெரிக்காவில் வந்த ஆரம்பக் கதைகளில் ஒன்றில் சுப்பர்மேன் சண்டை பிடிப்பது ஒரு சுரங்க முதலாளியோடு. பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளி ஒருவர் அகப்பட்டு ஊனமாகிறார். கவனயீனம் அவருடையது என்கிறார் முதலாளி. விருந்துடுப்போடு வேடிக்கை பார்க்க இறங்கிய முதலாளியையும் விருந்தாளிகளையும் சுப்பர்மேன் அதே சுரங்கத்துக்குள் அடைத்துவிடுகிறான். வெளியே வரும்போது முதலாளிக்குப் புத்தி வந்துவிடுகிறது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும், மண்சரிவுக்குப் பயந்து லயத்தில் உறங்காதவர்களும் இந்தக் கதையை ரசிப்பார்கள்.

அந்தச் சுப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞருக்குக் கிடைத்தது 130 டொலர். உரிமை முழுவதும் கம்பனிக்குப் போனது. கோடிக்கணக்கில் கம்பனி உழைத்தபோது இவர்கள் வறுமையில் கிடந்தார்கள். ஷஸ்டருக்குப் பார்வையும் மங்கிவிட்டது. 1975இல் மற்ற ஓவியர்களும் சேர்ந்து பகிரங்கமாகக் குரல் கொடுத்த பிறகுதான் ஆளுக்கு வருடம் 20,000 டொலர் ஓய்வூதியமும், கதையில் அவர்கள் பெயரும் கிடைத்தன. பறக்கும் மனிதனைப் படைத்தவர்களுக்கும் சக தொழிலாளர்தான் உதவ வேண்டியிருந்தது.

எங்கள் அப்பாமார் காலத்துப் பிள்ளைகளுக்கு வீரன் என்றால் இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவர் கதையோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். வெளிநாட்டுத் தேயிலைப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அவர் நினைவு வரும். பெட்டியில் கொழுந்தைக் கிள்ளும் கை தெரிகிறது, ஆளைக் காணவில்லை.

ஆளைக் காட்டிய நாளும் நம்மிடம் இருக்கிறது. 2018 ஒக்டோபர் 24, போயா தினம். அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவாக இருந்த நேரம். 1,000 ரூபா கேட்டு, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். கட்சிக் கொடி இல்லை, மேடைத் தலைவர் இல்லை. முகநூலில் ஒருவரையொருவர் கூப்பிட்டு வந்தவர்கள். அடுத்த ஜனவரியில் 700 ரூபாவுக்குத்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 வர 2021 மார்ச் ஆனது. ஆனாலும் தெஹிவளையில் நாங்கள் சந்தித்தவர்களில் இரண்டு பேர் அன்று அங்கே நின்றவர்கள். பிடித்த வீரமான கட்டம் எது என்று கேட்டபோது அவர்கள் அதைச் சொல்லவில்லை. தங்களைக் கதையில் வருபவர்களாக அவர்கள் நினைத்ததே இல்லை.

இதை மாற்ற நினைக்கிறோம். 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தனின் கதையையும், காலிமுகத்திடல் கதையையும் சித்திரக்கதையாக வரைய வேண்டும். நன்றாகப் படம் வரையும் பிள்ளைகள் எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். புடவைக்கடைத் தங்கச்சி வசனம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், லீவு கிடைத்தால். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வர்ணத்தில் அச்சிடக் காசில்லை, கறுப்பு மைதான். அந்தக் கூட்டத்தை வரைய அது போதும்.